ஒரு சொட்டு ஒழுகவில்லை

புத்தூர் நால் ரோட்டிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பினால் மூன்றாவது தகரக் கொட்டகை என்னுடையது. போர்டு கிடையாது. தைரியராஜ் மேஸ்திரி ஷெட் என்று சொன்னால் ரிக்‌ஷாக்காரனே கொண்டுவந்து விட்டுவிடுவான். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆறு வருஷம், அப்புறம் சொந்தத்தில் பதினோரு வருஷம். தைரியராஜ் கை வைத்த வண்டி ஒழுகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எஞ்சின் ஆகட்டும், கியர் பெட்டி ஆகட்டும், நான் மூடினால் மூடியதுதான். யாராவது என் எதிரே அதைச் சொன்னால், காதில் விழாத மாதிரி ஸ்பேனரைத் தேடுவேன். இன்னொரு தரம் சொல்லட்டுமே என்றுதான்.

அந்தப் பெருமையில்தான் வீரமலையை ஜெயிலுக்கு அனுப்பினேன். ஜட்ஜு அனுப்பினார், போலீஸ் அனுப்பியது என்று ஊரார் சொல்வார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்.

வீரமலை மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் முதலாளி காசிநாதனின் டிரைவர். முப்பது வயசிருக்கும். பீடி கிடையாது, கள்ளு சாராயம் கிடையாது, வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசவும் மாட்டான். முதலாளியிடம் நாற்பத்தொன்பதாம் வருஷத்து மோரிஸ் மைனர் ஒன்று இருந்தது. சின்ன வண்டி, கறுப்பு நிறம். அதைப் பெற்ற பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருப்பான்.

1962இல், ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் அந்த வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். அதற்கு முந்தின நாள் டோல்கேட் பக்கத்து டிரைவர்கள் எல்லாரும் செய்கிறதை அவனும் செய்திருக்கிறான். அந்த வருஷம் கொள்ளிடத்திலும் தண்ணீர் வந்திருந்தது. வண்டியைப் பாதிச் சக்கரம் முங்கும்வரை ஆற்றுக்குள் இறக்கி, குளிப்பாட்டி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டுக் கரையேற்றியிருக்கிறான். ஆற்றுக்கு வருஷத்தில் ஒருநாள் நாம் மரியாதை செய்யும்போது வண்டியும் செய்யட்டும் என்பது அவர்கள் வழக்கம். லாரி இறங்கும், டாக்சி இறங்கும், மாட்டு வண்டியும் இறங்கும்.

"மேஸ்திரி, கீழ ஆயில் ஒழுகுது. முன்சக்கரத்துக்கிட்ட" என்றான்.

படுத்து உள்ளே போய்ப் பார்த்தேன். ஸ்டியரிங் ரேக் ரப்பர் இரண்டும் கிழிந்திருந்தன.

ரேக் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். லாரியிலும் பெரிய கார்களிலும் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு பெட்டி இருக்கும். மைனரில் பெட்டி கிடையாது. குறுக்கே ஒரு குழாய், அதற்குள் பல் வெட்டிய நீளக் கம்பி. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தக் கம்பி இடமும் வலமும் ஓடிச் சக்கரங்களைத் திருப்பும். குழாயின் இரண்டு முனையிலும் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்பு வைத்த ஒரு ரப்பர் உறை. உள்ளே இருக்கிற ஆயில் வெளியே போகாமலும், வெளியே இருக்கிற மண்ணும் தண்ணீரும் உள்ளே வராமலும் பார்த்துக்கொள்வது அதுதான். பதின்மூன்று வருஷ ரப்பர், வெடிக்காமல் என்ன செய்யும்? கிழிந்த இடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். ஆயில் பாலாகத் திரிந்து விரலோடு வந்தது. கட்டை விரலால் தேய்த்ததும் நறநறவென்றது. கொள்ளிடத்து மணல்.

செய்ய வேண்டிய வேலை எனக்குத் தெரியும். ரேக்கைக் கழற்றி இறக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, பல் பல்லாகத் துடைத்து, காயவைத்து, புது ஆயில் விட்டு, புது ரப்பர் போட வேண்டும். இரண்டு நாள் வேலை. புது ரப்பர் மெட்ராஸிலிருந்து வரவேண்டும். அந்தக் காலத்தில் சீமைச் சாமான் கேட்டால் கடைக்காரன் நம்மை மேலும் கீழும் பார்ப்பான், மாசக்கணக்கில் இழுப்பான்.

காசிநாதன் அன்று மாலையே ஷெட்டுக்கு வந்துவிட்டார். ஆவணியில் அவர் மகள் கல்யாணம். பத்திரிகை வைக்க ஊர் ஊராகப் போகவேண்டும்.

"ஏம்ப்பா தைரியராஜு, ரெண்டு நாளெல்லாம் நிறுத்த முடியாது. இப்போதைக்கு எதையாவது போட்டுக் கட்டிவிடு. கல்யாணம் முடியட்டும், வண்டியை ஒரு மாசம்கூட உங்கிட்ட விட்டுடறேன்" என்றார்.

"உள்ள மணல் போயிருக்குங்க முதலாளி."

"போகட்டும்ப்பா. ஆயில் ஒழுகாம இருந்தா சரி."

ஒழுகாமல் இருந்தால் சரி. அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. என்னிடம் சொல்லியிருக்கவே கூடாது.

ஸ்கூட்டர் டியூபில் இரண்டு துண்டு வெட்டினேன். சக்கரத்தோடு சேரும் முனையைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டேன். பதினொன்றரை. திரும்பப் பூட்டும்போது அதே பதினொன்றரை இருக்கவேண்டும், இல்லாவிட்டால் சக்கரம் கோணும். கிழிந்த ரப்பருக்கு மேலேயே டியூபை ஏற்றி, சக்கரத்தை நேராக வைத்து, ஓட்டத்துக்கு வேண்டிய மடிப்பு விட்டு, மெழுகு தடவிய நூலால் இரண்டு முனையும் சுற்றி, அதன்மேல் கம்பி போட்டு முறுக்கினேன். ஆயிலும் ஏற்றினேன். மணல் இருந்த இடத்திலேயே இருந்தது. பார்த்தால் கம்பெனியில் போட்டது மாதிரி இருந்தது. நானே இரண்டு தரம் விளக்கைக் காட்டி ரசித்தேன்.

கல்யாணம் முடிந்தது. வண்டி வரவில்லை. ஒழுகினால்தானே வரும்? ஒட்டுப்போட்டதை அவலட்சணமாகப் போட்டிருந்தால், இரண்டு சொட்டாவது சிந்தியிருந்தால், காசிநாதனுக்கு ஞாபகம் வந்திருக்கும். மெட்ராஸுக்கு ரப்பர் சொல்லிவைத்திருந்தேன். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் வீரமலை மட்டும் வந்தான். முதலாளியை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, இடையில் கிடைத்த நேரத்தில் வந்திருக்கிறான்.

"மேஸ்திரி, ஸ்டியரிங் கொஞ்சம் இறுக்கமா இருக்குங்க. சில நேரம் புடிச்சுப் புடிச்சு விடுது."

நான் வேறொரு வண்டியின் அடியில் இருந்தேன். எழுந்து வந்து இதன் அடியில் தலையை விட்டேன். என் டியூப், என் முடிச்சு, என் கம்பி. ஒரு பொட்டு ஈரம் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கூட நான் பார்க்கவில்லை.

"புது ரப்பர் அப்படித்தான்டா இருக்கும். ஓட ஓடச் சரியாயிடும்" என்றேன்.

"சரிங்க மேஸ்திரி" என்று போய்விட்டான். நான் சொன்னால் அவனுக்கு அதுதான் சட்டம்.

கார்த்திகையில் முதலாளி வீட்டார் காசிக்குப் போனார்கள். வண்டி மூன்று வாரம் ஓடாமல் நின்றது. நின்ற வண்டியில் துரு சும்மா இருக்குமா? மணலும் தண்ணீரும் துருவும் சேர்ந்து உள்ளே களியாகிவிட்டிருந்தது. அவர்கள் திரும்பி வந்த அன்று, காலை ரயிலுக்கு ஜங்ஷனிலிருந்து அழைத்து வர வீரமலை வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். கொள்ளிடம் பாலம்வரை நேர் ரோடு. பெரிதாகத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லை. ஸ்ரீரங்கத்தில் மொட்டை கோபுரத்துக்கு முன்னால் வளைவு. அங்கே திருப்பினான். பாதி திரும்பியது, மீதி திரும்பவில்லை.

ரோட்டோரத்தில் பாப்பாயி என்று ஒருத்தி வாழையிலைக் கட்டை அப்போதுதான் இறக்கிவைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். வண்டி அவள் மேல் ஏறி, பின்னால் இருந்த சுவரில் மோதி நின்றது. அங்கேயே அவள் உயிர் போய்விட்டது. வீரமலை ஓடவில்லை. இறங்கி அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூடிய ஜனம் அவனை அப்படியே வைத்து அடித்திருக்கிறது.

அன்று மத்தியானமே எனக்குச் சேதி வந்துவிட்டது. கேட்ட மாத்திரத்தில் எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் தெரியும். வண்டியைச் சோதனை போடும்போது தானாக வெளியே வரும், நாமாகப் போய்ச் சொல்வானேன் என்று இருந்துவிட்டேன். பேர்தான் தைரியராஜ்.

சோதனை போட வந்த அதிகாரி நல்ல மனுஷன், தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர். சுவரில் மோதிய அதிர்ச்சியில் உள்ளே இறுகியிருந்தது விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, ஸ்டியரிங் திரும்பியது. அடியில் பார்த்தார். ரப்பர் புதுசு, கட்டு கச்சிதம், ஆயில் ஒழுகல் இல்லை. வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் கோணலாகக் கட்டியிருந்தால் அவர் பிரித்துப் பார்த்திருப்பார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

வண்டி முதலாளி பொறுப்பில் திரும்பக் கிடைத்ததும் என் ஷெட்டுக்குத்தான் இழுத்து வந்தார்கள். முன்பக்கம் தட்டவேண்டும், விளக்கு மாற்றவேண்டும். மெட்ராஸிலிருந்து ரப்பரும் அந்த வாரம்தான் வந்து சேர்ந்தது. நல்ல நேரம் பார்த்து வந்தது.

கம்பியை வெட்டி, நூலை அறுத்து, டியூபை உருவினேன். செங்கல் நிறத்தில் ஒரு குழம்பு பொதபொதவென்று என் முழங்கையில் வழிந்தது. ரேக்கை வெளியே இழுத்தேன். பல்லுக்குப் பல் மணல் அடைத்திருந்தது. நடுவில் ஒரு இடத்தில் கல் மாதிரி இறுகியிருந்தது. கோர்ட்டில் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தால் குழந்தைக்கும் புரியும். வீரமலை திருப்பினான், இது விடவில்லை. அவ்வளவுதான் கேஸ்.

மண்ணெண்ணெய்த் தட்டு பக்கத்தில் இருந்தது. ரேக்கை அதில் போட்டுப் பிரஷால் தேய்த்துக் கழுவினேன். குழாயையும் கழுவினேன். துணியால் துடைத்தேன். புது ஆயில் விட்டு, பதினொன்றரைச் சுற்று எண்ணி, புது ரப்பரை மாட்டினேன். பழைய டியூபை அடுப்பில் போட்டுவிட்டேன். கழற்றின சாமானை மண்ணெண்ணெயில் போடுவது கைப்பழக்கம், யோசிக்காமல் நடந்துவிட்டது என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். டியூபை அடுப்பில் போடுவது என்ன பழக்கம்?

பங்குனியில் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். வண்டியை வழக்கமாகப் பார்க்கிற மெக்கானிக் என்ற முறையில் சர்க்கார் தரப்புச் சாட்சி. பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தேன். ரேக் ரப்பர் நன்றாக இருந்ததா என்று கேட்டார்கள். நன்றாக இருந்தது, ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை என்றேன். அது பொய்யில்லை. அப்புறம் வீரமலையின் வக்கீல் எழுந்தார்.

"ஸ்டியரிங் இறுக்கமாக இருக்கிறது என்று ஐப்பசி மாதத்தில் இவர் உங்களிடம் வந்து சொன்னாரா?"

கூண்டில் நின்ற வீரமலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கவலையே இல்லாத முகம். மேஸ்திரி வந்துவிட்டார், சொல்லிவிடுவார் என்று நம்பி நின்ற முகம் அது.

"அப்படி ஏதும் ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

"மேஸ்திரி!" என்று அவன் கத்தினான். "நான் திருப்புனேன் மேஸ்திரி! திருப்புனேன், அது திரும்பல! வந்து சொன்னேனே!" போலீஸ்காரர் அவன் தோளை அழுத்தி அடக்கினார். நான் படியிறங்கி வெளியே வந்தபோது அவன் பெண்சாதி பவுனம்மாள் கதவோரம் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எதற்குக் கும்பிட்டாள் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

ஒரு வருஷம் கடுங்காவல். லைசென்ஸும் போயிற்று.

அந்த வருஷம் பாஸ்கா, அதாவது ஈஸ்டர், ஏப்ரலில் வந்தது. பாஸ்காவுக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் நற்கருணை வாங்க முடியாது. வாங்காமல் இருந்தால் வீட்டில் கேள்வி வரும். முழங்காலில் நின்று பங்குச் சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "முதல்ல உள்ள இருக்கிறவன்கிட்டப் போய்ச் சொல்லு. சொல்லிட்டு எங்கிட்ட வா. அதுக்கப்புறம்தான் மன்னிப்பு" என்று பலகைச் சன்னலைச் சாத்திவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரல் ஜெயிலில் மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வீரமலை வந்து நின்றான். மொட்டை அடித்திருந்தார்கள். என் மேல் கோபம் இருக்கும், காறித் துப்புவான் என்று தயாராகப் போயிருந்தேன். "வாங்க மேஸ்திரி. வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா?" என்றான்.

சொன்னேன். மணலைச் சொன்னேன், டியூபைச் சொன்னேன், நீ வந்து சொன்னதும் ஞாபகம் இருந்தது என்று சொன்னேன். கழுவியதையும் சொன்னேன். அவன் வலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டான். அப்புறம் கேட்ட முதல் கேள்வி இது:

"அப்ப நான் திருப்புனேனா மேஸ்திரி?"

"திருப்புனடா."

"நிசமாவா?"

"நிசமாத்தான். உன் கை மேல தப்பே இல்ல."

அவன் அழுதான். வாய்விட்டு, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதான். "ஆபீசரும் ஒண்ணுமில்லன்னாரு, நீங்களும் ஒண்ணுமில்லன்னீங்க. உங்களுக்குத் தெரியாததா? நான்தான் தூங்கிட்டேனோ, திருப்புனதா நெனச்சுக்கிட்டேனோன்னு ஆயிப்போச்சு மேஸ்திரி. தெனம் இந்தக் கையப் பாத்துக்கிட்டே கெடக்குறேன்." அவன் என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். நேரம் முடிந்துவிட்டது என்று வார்டர் வந்தபோது, "பவுனுகிட்ட மட்டும் சொல்லிடுங்க மேஸ்திரி. அவ என்னப் பாக்கவே வர்றதில்ல. இத மட்டும் சொல்லிடுங்க" என்றான்.

மறுநாள் காலையில் வக்கீல் வீட்டுக்குப் போனேன். அவர் கேட்டுவிட்டு, "அந்த ரேக் எங்கே?" என்றார்.

"வண்டியில இருக்குங்க. கழுவிட்டேன்."

"மணல்?"

"கழுவிட்டேங்க."

"டியூப்?"

அடுப்பில் போட்டதைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்போ உங்க வாய்வார்த்தை ஒண்ணுதான் மிச்சம். அதையும் சத்தியம் பண்ணி ஒரு தரம் வேற மாதிரி சொல்லியாச்சு. இப்பப் போய் மாத்திச் சொன்னா அவனை விடமாட்டாங்க. உங்க மேலதான் கேஸ் வரும்" என்றார். தெருவில் இறங்கி நடந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. என்னால் ஆனதைச் செய்துவிட்டேன் என்ற நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அங்கிருந்தே மண்ணச்சநல்லூருக்கு பஸ் ஏறினேன். புருஷன் உள்ளே போனபின் பவுனம்மாள் காசிநாதன் மில்லிலேயே நெல் காயப்போடும் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். நல்ல வெயில். சிமெண்டுக் களத்தில் அவித்த நெல்லைக் காலால் வரிவரியாகக் கிளறிக்கொண்டே நடந்தாள். பிள்ளை தகரக் கூரை நிழலில் சாக்கு மேல் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "வாங்கய்யா" என்றாள்.

களத்தின் ஓரத்தில் நின்றபடியே சொல்லி முடித்தேன். கிளறிக்கொண்டிருந்த அவள் கால் நெல்லுக்குள் அப்படியே நின்றுவிட்டது. சுடுகிற நெல்லில் அவ்வளவு நேரம் எப்படி நின்றாள் என்று தெரியவில்லை.

"அந்த மனுசன் வண்டிய எடுத்துட்டுப் போனதுக்கு மொத நாள் ராத்திரி புள்ளைக்குக் காய்ச்சல்" என்றாள் கடைசியில். "தூங்க விடல. அதுல கண்ணசந்துட்டாருன்னுதான் நான் நெனச்சேன். தீர்ப்பானதுக்கப்புறம் ஜெயில்ல மொத தடவ பாக்கப் போனப்ப, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, நான் தூங்கல பவுனு, திருப்புனேன் பவுனுன்னு அழுதாரு. பொய் சொல்லாதய்யா, ஒரு பொம்பளையக் கொன்னுட்டு இன்னும் பொய் சொல்றியேன்னு திட்டிட்டு வந்துட்டேன். அதோட போகல."

"ஏம்மா, அவன் சொன்னத நம்பக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன். வாயில் வந்துவிட்டது.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அங்கேயே அவள் காலில் விழுந்திருப்பேன்.

"நீங்க கோர்ட்டுல வந்து சொன்னீங்களேய்யா" என்றாள். "நான் உங்களத்தான் நம்புனேன்."